டிசம்பரில் மெய்ப்பு மட்டும்

தமிழில் புத்தகம் போடுகிறவர்களின் வருடம் ஜனவரியில்தான் முடிகிறது. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதற்குள் புத்தகம் அச்சாகி அரங்குக்குப் போயாக வேண்டும். அதனால் அட்டை, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்த்துத் திருத்துவது), பின்னட்டைக்கு நாலு வரி என்று எல்லாம் டிசம்பரில் தலைக்கு மேல் வந்து நிற்கும். மதுரைக்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ இதில் பெரிய சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் தையல் கடை வைத்திருக்கும், சிஎஸ்ஐ சபையைச் சேர்ந்த, ரப்பர் வெட்டுக்காரரைக் கட்டிக்கொண்ட ஒருத்திக்கு டிசம்பர் வேறு மாதிரி. அதுவும் போதாதென்று 2024-இல் புத்தகக் காட்சி டிசம்பர் 27-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். என் முதல் சிறுகதைத் தொகுப்பு வருவதாக இருந்தது அந்த வருடம்தான்.

வேலை, வீடு, எழுத்து மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். ஆண் எழுத்தாளர்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அது இருக்கட்டும். கேட்டவர்களுக்கு இதுவரை சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் கடை. பாறசாலைக்குப் போகிற ரோட்டில், எல்லைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் அந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் என்று கோடு போட்டார்கள். துணி எடுக்க இங்கே, சினிமாவுக்கு அங்கே என்று ஜனம் அதற்குப் பிறகும் பழையபடிதான் போய் வந்துகொண்டிருக்கிறது. லாட்டரிக்கும் அங்கேதான். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்துவிட்டதால், கேரளாவின் கிறிஸ்துமஸ் பம்பர் சீட்டை எல்லை தாண்டி வாங்கி வந்து, என் கடையில் அளவு கொடுத்துக்கொண்டே எண்ணைக் காட்டிப் பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு.

நவம்பர் கடைசியிலேயே பாடகர் குழுக்கள் வந்துவிடும். ஒரே நிறச் சேலை, ஒரே நிறத்தில் பிளவுஸ். பாட்டு மாஸ்டர் எல்லாருக்கும் ஒரே மாடல் போதும் என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் ஒவ்வொருத்தராக வந்து, எனக்கு மட்டும் பின்னால் கயிறு வையுங்கள், எனக்கு மட்டும் பானைக் கழுத்து, எனக்குக் கை கொஞ்சம் இறக்கம் என்பார்கள். அளவு பிளவுஸ் என்று ஒன்றைக் கொடுத்து, "இதைவிட அரை இஞ்ச் லூஸ், ஆனா இதே மாதிரி பிடிப்பா இருக்கணும்" என்பார்கள். மலங்கரை சபைக்காரர்களுக்கு டிசம்பர் 1 முதல் இருபத்தைந்து நோன்பு. மீனும் இறைச்சியும் தொடமாட்டார்கள். அவர்களில் ஒருவர் நோன்பில் மெலிந்துவிடுவேன் என்று சொல்லி அளவு கொடுக்கவே 20-ஆம் தேதிக்கு மேல்தான் வருவார். எனக்குத் தெரிந்து அவர் அளவு ஒரு நூல்கூடக் குறைந்ததில்லை. "சேச்சி, இருபத்திமூணினு கிட்டுமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். எப்படி இல்லை என்பது?

அப்புறம் சண்டே ஸ்கூல் தேவதூதர்கள். வெள்ளை நெட் துணி, கம்பி வளைத்துச் செய்த இறக்கை, ஓரமெல்லாம் ஜிகினா. கம்பியின் முனையைத் துணி சுற்றி மடித்துத் தைக்காவிட்டால் தேவதூதன் மேடையிலேயே அழுவான். இந்த வேலைக்குக் கூலி கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்காமல் விட்டால் ஜிகினா காசுகூடக் கையை விட்டுப் போகும். மேய்ப்பர்கள் பாவம், வீட்டிலிருந்தே துவர்த்து (துண்டு) கொண்டுவந்து தலையில் கட்டிக்கொள்வார்கள்.

வயதான ஒரு பாட்டி வருடம் தவறாமல் இரண்டு ஜம்பர் தைப்பார். பிளவுஸ் என்று அவர் வாயில் வராது. முன்பக்கம் பட்டன், முழங்கை வரை கை, இடுப்பை மூடிய நீளம். அவருடைய ஜம்பரைத் தைக்கும்போது மட்டும் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். இந்த மண்ணில் ஒரு பெண் மேல்சட்டை போட்டதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்திருக்கிறார்கள். 1820களில் தொடங்கிய தோள்சீலைக் கலகம் ஓய்ந்து, நாடார் பெண்கள் மேல்சட்டை அணியலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜா அறிவிப்பு வந்தது 1859 ஜூலை 26-இல். அதற்கு முன்னால் குப்பாயம் என்ற ஒருவகைச் சட்டையை மட்டும், அதுவும் கிறிஸ்தவர்களான பெண்களுக்கு மட்டும் அனுமதித்திருந்தார்கள். என் தொகுப்பில் ஒரு கதை இதைப் பற்றியது. அதில் வருகிற கிழவிக்கு இந்தப் பாட்டியின் விரல்களைக் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் தையலையும் எழுத்தையும் ஒப்பிட்டு நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு பத்திரிகையிலிருந்து அப்படியே கேட்டார்கள். வெட்டுவது, ஒட்டுவது, தையல் தெரியாமல் தைப்பது என்று எழுதிக் கொடுங்களேன் மேடம், நன்றாக இருக்கும் என்றார்கள். எனக்கு அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை. தையல் முடிந்தால் காசு. எழுத்து முடிந்தால் மெய்ப்பு.

அதேபோல இன்னொரு பேச்சு: எழுதுகிறவருக்கு வாழ்க்கை முழுக்க எழுத்துக்கு உரம்தானாம். முழுக்க இல்லை. கொக்கி வைப்பதில் எந்த உரமும் கிடையாது. பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வுக்கு வேதியியல் சமன்பாடு கேட்பதிலும் கிடையாது. அவை வேலை, செய்துதான் ஆக வேண்டும். அதையும் கதையாக்குவேன் என்று ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டு பிள்ளையிடம் உட்கார்ந்தால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

நேரமில்லை என்று சொன்னால் எல்லாரும் தருகிற யோசனை, அதிகாலையில் எழுந்து எழுது என்பது. ஊர் உறங்கும் நேரமாம். எங்கள் ஊரில் டிசம்பர் அதிகாலையில் உறங்குகிறவர் யார் என்று காட்டுங்கள். மூன்றரை மணிக்கு என் வீட்டுக்காரர் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் புறப்படுவார். ரப்பருக்கு அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் நல்ல காலம். அதிலும் குளிர் இருக்கும்போதே வெட்டினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தத்தில் பால் நிறுத்தாமல் ஒழுகும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும், சிரட்டை நிறையாது. அவருக்குக் கட்டன் காப்பி போட்டுக் கொடுத்து நிமிர்ந்தால் நாலு மணிக்கு ஒரு பக்கம் ஐயப்பன் பாட்டு தொடங்கும். மண்டல காலம், நெடுஞ்சாலையெல்லாம் சபரிமலை வண்டிகள். மார்கழி பிறந்துவிட்டால் திருப்பாவையும் சேர்ந்துகொள்ளும். ஐந்து மணிக்குக் கோயில் மணி, அதாவது எங்கள் சிஎஸ்ஐ கோயில் மணி. இடையில் பாங்கு. யாரையும் குறை சொல்லவில்லை. இந்தச் சத்தமெல்லாம் சேர்ந்ததுதான் ஊர், எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் இதில் உட்கார்ந்து ஒரு கதையின் முதல் வரியை யோசிக்க முடியாது.

அதனால் நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். டிசம்பரில் புதிதாக எதையும் எழுதுவதில்லை. மெய்ப்பு மட்டும்.

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தினமும் எழுதினால்தான் எழுத்தாளர் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. வெட்டுக்காரரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இது ஒத்துவராது. தினமும் வெட்டினால் மரம் வறண்டுபோகும் என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு, இலை உதிரும் காலத்தில் அதுவும் கிடையாது.

புதிதாக எழுத நேரம் வேண்டும் என்பதுகூடப் பாதிதான் உண்மை. அரை மணி நேரம் எந்த நாளிலும் கிடைத்துவிடும். எழுதி நிறுத்திய இடம் மறுநாள் அங்கேயே இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நான் கதை எழுதும் நாட்களில் ஒரு ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தால், மறுநாள் நான் வரும்வரை அவன் நிற்பான். மாவு பிசையும்போதும் நிற்பான், மிஷின் மிதிக்கும்போதும் நிற்பான். டிசம்பரில் அவனை நிறுத்தி வைக்க முடியாது. யார் யாரோ வந்து அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். மெய்ப்பு அப்படியில்லை. ஒரு பக்கம் எடுத்தால் அந்தப் பக்கத்தோடு முடிந்தது. நடுவில் யாராவது இரண்டு மீட்டர் லைனிங் கேட்டு வந்தாலும், திரும்பி வந்து பென்சில் வைத்த இடத்திலிருந்து தொடங்கலாம். தவிர, மெய்ப்புக்குக் கொஞ்சம் அலுப்பான, எரிச்சலான கண் வேண்டும். நல்ல மனநிலையில் படித்தால் நாம் எழுதியதெல்லாம் அழகாகத் தெரியும். டிசம்பர் 15-க்கு மேல் எனக்கு எதுவும் அழகாகத் தெரிவதில்லை. ஒரே கதையில் ஏழெட்டு இடத்தில் "மெல்ல" வருகிறது, மெல்ல எழுந்தாள், மெல்லச் சிரித்தாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஏப்ரலில் படித்திருந்தால் பாதியை விட்டுவைத்திருப்பேன்.

நேரம் எங்கே கிடைத்தது என்றால், சபையார் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் கேரல் ரவுண்ட்ஸில். எங்கள் பக்கம் கேரல் எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பத்தரைக்கு என்பார்கள், ஒரு மணிக்கு வருவார்கள். அதற்குள் தூங்கவும் முடியாது. கவரில் காணிக்கை எடுத்து வைத்து, காப்பி வெந்நீரை மூடிவைத்து, வாசல் லைட்டைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கடையும் மூடியிருக்கும், பிள்ளைகளும் படுத்திருப்பார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கமுடியாத அந்த நேரம் வருடத்திலேயே எனக்கு டிசம்பரில்தான் கிடைக்கிறது. ஸ்டார் வெளிச்சம் திண்ணையில் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி விழும். அதில் படித்தால் கண் போய்விடும் என்று மிஷின் லைட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு படிப்பேன். ஒருநாள் தூரத்தில் டிரம் சத்தம் கேட்டு, இதோ வந்துவிட்டார்கள் என்று கவரை எடுத்துக்கொண்டு நின்றேன். அது வேறு சபையின் கேரல், எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. கூட வந்த கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் திரும்பி வந்தான். முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான். பதினாறு பதினேழு வயது இருக்கும். குடித்துவிட்டு மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்து, "ஆன்சர் பேப்பரா அக்கா? எவ்வளவு சிவப்பு போட்டிருக்கீங்க, எல்லாரும் பெயிலா?" என்றான். ஆமாம் என்றேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, என் எழுத்தின் மீது மரியாதையும் கிடையாது, கோபமும் கிடையாது. எனக்கு ஒற்றைத் தலைவலி வருவதைப் போல அதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் முந்திரிக்கொத்து போடுகிற நாளில் யாரும் எங்கேயும் போகக்கூடாது. கடைசி மெய்ப்பு சரியாக அன்றைக்குத்தான் வந்தது. போனில் பிடிஎஃப், இரவுக்குள் திருத்தம் சொல்ல வேண்டும், மறுநாள் அச்சுக்கு.

முந்திரிக்கொத்து தெரியாதவர்களுக்கு: சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, ரவை பருவத்துக்கு உடைக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும், ஈரம் நின்றால் ஒரு வாரத்தில் காறிவிடும். எள், ஏலம், கொஞ்சம் சுக்கு. வெல்லப் பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். இந்த உருட்டுகிற இடம்தான் போர்க்களம். ஆறினால் உதிரும், சூட்டில் பிடித்தால் கை வேகும். அப்புறம் மூன்று மூன்றாகச் சேர்த்து, மஞ்சள் போட்ட அரிசி மாவில் முக்கித் தேங்காயெண்ணெயில் பொரிப்பது. நன்றாகச் செய்தால் பொங்கல் வரை கெடாது.

கை இரண்டும் பாகில் இருக்கும்போது போனை எப்படித் தள்ளுவது? மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவள் பாடப்புத்தகம் ஒப்பிக்கிற குரலில் ஜம்பர் கதையை வாசித்தாள், நான் உருட்டிக்கொண்டே "அங்கே ஒற்று வேண்டாம், குறிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மாமி எதுவும் கேட்காதவர் போல எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை முடிந்ததும் அரிப்புக் கரண்டியால் ஒரு கொத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ஏன் மக்களே, அந்தக் கிழவி மூணு நாளா ஒண்ணும் தின்னல்லியே. செத்துப் போவாளே" என்றார்.

இரண்டு இலக்கிய நண்பர்கள் படித்த கதை அது. பதிப்பாளரும் படித்திருந்தார். கதை முழுக்க மூன்று நாள் நடக்கிறது, கிழவி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது வேறு யார் கண்ணிலும் படவில்லை. கிழவிக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகு உடைத்த துவையலும் கொடுத்து ஒன்றரை வரி சேர்த்தேன். பக்கத்தில் ஒரு வரி வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. லேஅவுட் செய்கிற தம்பி போனில் கொஞ்சம் கத்தினார். அவருக்கும் அன்றைக்குப் பத்துப் புத்தகம் இருந்திருக்கும். அந்தத் தொகுப்பைப் பற்றி இதுவரை எனக்கு வந்த கடிதங்களில் அந்த மரச்சீனியைச் சொல்லாதவர்கள் குறைவு. மாமியிடம் சொன்னேன். "தின்னாத்தானே நடக்க முடியும்" என்றார், அவ்வளவுதான்.

24-ஆம் தேதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மகள் கொக்கி வைத்தாள், நான் அயர்ன் போட்டேன், இரவு பத்தரை வரை ஆள் வந்துகொண்டிருந்தது. களியக்காவிளைச் சந்தையில் கோழிக்கு வரிசை. கேரளா பேக்கரிகளிலிருந்து பிளம் கேக் மலை மலையாக இறங்கியிருந்தது. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் 1883-இல் ஒரு வெள்ளைக்காரருக்காகச் சுட்டுக் கொடுத்ததிலிருந்துதான் கேரளாவில் கிறிஸ்துமஸ் கேக் தொடங்கியது என்பார்கள். எங்கள் வீட்டில் கேக் விருந்தாளிகளுக்கு, முந்திரிக்கொத்து எங்களுக்கு. விடிகாலை ஆராதனையில் நான் கொஞ்சம் தூங்கியிருக்கலாம். முன்வரிசையில் என் கடையில் தைத்த பதினைந்து இருபது கழுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடல். பாட்டு மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

புத்தகக் காட்சிக்கு நான் போகவில்லை. போக முடியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கர்கள் பொதுவாகக் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அந்தக் கல்யாணங்களும் சேர்ந்து ஜனவரியில் குவியும். கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை, கல் வேலை, மாப்பிள்ளை வீட்டுச் சேலைக்குப் பிகோ என்று லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், தொடங்குகிறவரை மூச்சுவிட நேரமிருக்காது. நண்பர் ஒருவர் அரங்கில் என் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அட்டை நிறம் நான் கேட்டதைவிட ஒரு ஷேடு வெளுப்பு. துணியாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நான் எழுதுவது லெந்து நாட்களில். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது, புதுத்துணி கிடையாது, கடையில் கிழிசல் தைக்க வருகிறவர்கள்தான். ரப்பரும் இலை உதிர்த்து நிற்கும், வெட்டு நிற்கும், அவரும் வீட்டில் இருப்பார், சமையலில் பாதியை எடுத்துக்கொள்வார். கையில் காசு ஓடாத மாதங்கள் அவை. கடன் வாங்கித்தான் ஓட்டுகிறோம். ஆனால் வாசலில் நிறுத்திய ஆள் மறுநாளும் நிற்பது அப்போதுதான். இதில் ஒரு சிக்கல், ஈஸ்டர் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25 வரை எங்கே வேண்டுமானாலும் வரும். 2025-இல் சாம்பல் புதனே மார்ச் 5-ஆம் தேதிதான். அதற்குள் ரப்பர் தளிர்த்துவிட்டது. அவர் ஓய்வாக இருந்தபோது என் கடையில் கல்யாணக் கூட்டம், என் கடை ஓய்ந்தபோது அவர் கத்தியைத் தீட்டத் தொடங்கியிருந்தார்.

போன வாரம் பதிப்பாளர் கூப்பிட்டு, "நாவல் எப்போ தருவீங்க மேடம்?" என்றார்.

"ஈஸ்டர் எப்போ வருதுன்னு பார்த்துச் சொல்றேன் சார்."

அவர் இதை ஏதோ நேர்ச்சை விஷயம் என்று நினைத்துக்கொண்டு, "சரிங்க மேடம், கர்த்தர் சித்தம்" என்றார். நான் காலண்டரைப் பார்த்துவிட்டேன். 2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. இலை உதிர்ந்து நிற்கும்போதே லெந்து தொடங்கிவிடுகிறது, வசதிதான். ஏப்ரலுக்குள் முதல் வரைவு முடிந்தால், ஸ்கூல் யூனிஃபார்ம் துணி வருவதற்குள் ஒருதடவை திருத்திவிடலாம். யூனிஃபார்ம் போன தடவை மே முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.